ஆர்.வி. வண்டியில் நாயுடன் தெனாலிக்கு

அலாஸ்காவின் தெனாலி தேசியப் பூங்காவிற்கு ஆர்.வி. வண்டியில் (உள்ளேயே படுத்துறங்கும் வசதி கொண்ட வண்டி) நாயுடன் செல்பவர்கள், வாயிலுக்கு அருகிலுள்ள ரைலி கிரீக் முகாமில் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. அங்கே மின் இணைப்பு கிடையாது என்பதால் வண்டியின் பேட்டரியை முழுமையாக சார்ஜ் செய்துகொண்டே செல்ல வேண்டும். கோடையில் சொந்த வண்டியைப் பூங்காச் சாலையின் முதல் 15 மைல், அதாவது சாவேஜ் ஆறு வரை மட்டுமே ஓட்டிச் செல்லலாம். அதற்கப்பால் பூங்காப் பேருந்துதான். அதில் நாயை ஏற்ற மாட்டார்கள். ஆகவே யார் எந்த நாளில் நாயுடன் முகாமில் தங்குவது என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

நாயை 6 அடிக்கு மிகாத வாரில் பிடித்திருக்க வேண்டும். பெரும்பாலான நடைபாதைகளில் நாய்க்கு அனுமதி இல்லை. பூங்காச் சாலையிலும் வாகன நிறுத்துமிடங்களிலும் முகாமின் உட்சாலைகளிலும் நடத்தலாம். இது மிகையான கண்டிப்பு அன்று, ஏனெனில் கன்றுடன் நிற்கும் மூஸ் மானின் கண்ணுக்கு நாயும் ஓநாயும் ஒன்றே. காதுகளைப் பின்னுக்கு மடித்து, பிடரி மயிர் சிலிர்க்க மூஸ் நின்றால், படம் எடுக்க நினைக்காமல், நாயை அருகே இழுத்துக்கொண்டு உடனே விலகிவிடுங்கள்.

நாய் உண்டு முடித்ததும் கிண்ணத்தைக் கழுவி, மீந்த உணவோடு வண்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். வெளியே விட்டால் கரடி மோப்பம் பிடித்து வரும். ஜூன் மாதத்தில் நள்ளிரவிலும் வெளிச்சம் மறையாது என்பதால், சன்னல்களுக்குத் தடித்த திரை அவசியம்.