தனி அணியின் பவுல் கணக்கு: எங்கெல்லாம் தப்பாகிறது

"ஆறு ஜெயிச்சாச்சு, இனி பவுல் உறுதி." அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் நவம்பர் வந்தால் அதிகம் கேட்கும் பேச்சு இது. பவுல் என்றால் சீசன் முடிந்ததும் அழைப்பின்பேரில் நடக்கும் கூடுதல் ஆட்டம். பிக் டென், எஸ்இசி போன்ற பெரிய கான்ஃபரன்ஸில் (அணிகள் சேர்ந்து தங்களுக்குள் ஆடும் கூட்டமைப்பில்) இருக்கும் அணிக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் பலித்துவிடும். எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராத தனி அணிக்குத் தகுதி வேறு, இடம் வேறு. தகுதியை மைதானத்தில் சம்பாதிக்கலாம். இடமோ, சில வருஷங்களுக்கு முன்பு யாரோ கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது.

2025 சீசனில், எஃப்பிஎஸ் என்கிற மேல்மட்டப் பிரிவின் 136 அணிகளில் தனி அணிகள் இரண்டே இரண்டுதான்: நோட்டர் டேம், யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்). பிரிகாம் யங், லிபர்ட்டி, நியூ மெக்சிகோ ஸ்டேட் மூன்றும் 2023இல் கான்ஃபரன்ஸ்களில் சேரப் போய்விட்டன. ராணுவ அகாடமியின் அணியான ஆர்மி 2024இல் போனது, யூமாஸ் (மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம்) 2025இல். ஏன் போனார்கள் என்பது கீழே வரும் கதைகளைப் படித்தால் ஓரளவு புரியும்.

ஆறு என்ற எண்ணை மட்டும் பார்ப்பது

விதி எளிமையாகத்தான் தெரியும். வழக்கமாக 12 ஆட்டம். அதில் குறைந்தது 6 வெற்றி வேண்டும், தோல்விகள் வெற்றிகளைவிட அதிகமாக இருக்கக் கூடாது. சிக்கல் எந்த ஆறு என்பதில் இருக்கிறது. எஃப்சிஎஸ் என்ற கீழ்ப்பிரிவு அணியை வென்றால், ஒரு சீசனுக்கு ஒரு வெற்றியை மட்டுமே கணக்கில் சேர்ப்பார்கள். அந்த ஒன்றும் சேர வேண்டுமானால், எதிரணி ஃபுட்பாலுக்கு எவ்வளவு ஸ்காலர்ஷிப் தருகிறது என்பதற்குக்கூட நிபந்தனை உண்டு.

கான்ஃபரன்ஸ் அணிக்கு எட்டு, ஒன்பது ஆட்டங்களைக் கான்ஃபரன்ஸே போட்டுக் கொடுத்துவிடும். தனி அணி பன்னிரண்டு எதிரிகளையும் தானே தேடிப் பிடிக்க வேண்டும். அதிலும் அக்டோபர், நவம்பரில் பெரிய அணிகள் தங்கள் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே மோதிக்கொண்டிருக்கும், எதிரி கிடைப்பதே கஷ்டம். அந்த ஓட்டையை அடைக்கத்தான் இரண்டாவது எஃப்சிஎஸ் அணி அட்டவணைக்குள் வருகிறது.

ஆர்மி இதில் இரண்டு வருஷம் தொடர்ந்து மாட்டியது. 2022இல் கடற்படை அகாடமியின் அணியான நேவியையும் வென்று 6-6 (ஆறு வெற்றி, ஆறு தோல்வி) என்று முடித்தார்கள். ஆனால் அந்த ஆறில் வில்லனோவா, கோல்கேட் இரண்டுமே எஃப்சிஎஸ் அணிகள். 2023இல் மறுபடியும் 6-6, இந்த முறை டெலவேர் ஸ்டேட், ஹோலி கிராஸ். அந்த சீசனில் ஏர் ஃபோர்ஸை 23-3 என்று நொறுக்கிய அணி, நேவியை 17-11 என்று வென்ற அணி. இருந்தும் பவுலுக்கான கணக்கில் ஐந்து வெற்றிதான் நின்றது.

இதே 2022இல் நியூ மெக்சிகோ ஸ்டேட்டின் கதை வேறு மாதிரி போனது. சான் ஹோசே ஸ்டேட்டுடன் அக்டோபரில் ஆட வேண்டிய ஆட்டம், அந்த எதிரணியின் வீரர் ஒருவர் விபத்தில் இறந்ததால் நடக்கவில்லை. ஆட்டம் ஒன்று குறைந்துபோய், நவம்பர் கடைசியில் லிபர்ட்டியை 49-14 என்று வென்ற பிறகும் 5-6இல் நின்றார்கள். டிசம்பர் 3 அன்று வால்பரைசோவை வரவழைத்து 65-3 என்று வென்றார்கள். வால்பரைசோ இருக்கும் பயனியர் லீக்கில் ஃபுட்பாலுக்கு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. அதுபோக லமார் என்ற எஃப்சிஎஸ் அணியை ஏற்கெனவே வென்றாயிற்று. விதியை எழுத்துக்கு எழுத்து பார்த்தால் இந்த வெற்றி எந்த வழியிலும் சேராது. ஆட்டம் ரத்தானது அவர்கள் தவறில்லை என்பதைக் காட்டி, காலேஜ் விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏவிடம் விலக்கு கேட்டார்கள், கிடைத்தது. டெட்ராய்ட்டில் குவிக் லேன் பவுலில் பௌலிங் கிரீனை 24-19 என்று வென்று 7-6 என்று சீசனை முடித்தார்கள்.

இதைப் பார்த்து "அவர்களுக்குக் கொடுத்தார்களே, நமக்கும் கொடுப்பார்கள்" என்று எண்ணுவதும் தவறுதான். தானே போட்ட அட்டவணையில் இரண்டு எஃப்சிஎஸ் அணிகளை வைத்துக்கொண்ட அணியும், வந்த துக்கத்தால் ஆட்டத்தை இழந்த அணியும் ஒன்றல்ல.

ஹவாய் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹவாய்க்குப் போய் ஆடும் அணி 13ஆவது ஆட்டம் ஒன்றை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அட்டவணை நிரம்பாமல் தவிக்கும் தனி அணிக்கு இது நல்ல சலுகைபோலத் தெரியும். ஆனால் 13 ஆடினால் 6-7 என்பது தோல்விக் கணக்கு. அப்போது ஏழு வேண்டும்.

நிறைய ஜெயித்தால் நல்ல பவுல் தானாக வரும் என்று நம்புவது

எனக்குத் தெரிந்து ரசிகர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் இடங்கள் போனதும், மற்ற பவுல்கள் தங்களோடு ஒப்பந்தம் உள்ள கான்ஃபரன்ஸ்களிலிருந்து வரிசையாக ஆள் எடுக்கும். பந்தியில் இலைக்கு முன்னால் பெயர் எழுதி வைத்திருப்பதுபோலத்தான் இது. பெயர் இல்லாதவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் காலி இலை வரும்வரை நிற்க வேண்டும்.

2021இல் பிரிகாம் யங் 10-2. பேக்-12 கான்ஃபரன்ஸின் ஐந்து அணிகளோடு ஆடி ஐந்தையும் வென்றார்கள். யூட்டா, யுஎஸ்சி எல்லாம் அதில் அடக்கம். பேக்-12 அணி ஒன்று இப்படி ஆடியிருந்தால் புத்தாண்டையொட்டிய பெரிய பவுலைப் பற்றிப் பேசியிருப்பார்கள். தனி அணி என்பதால், அந்த வருஷத்துக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த இண்டிபெண்டன்ஸ் பவுலுக்கு, லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டுக்குப் போனார்கள். டிசம்பர் 18 அன்று யுஏபி அணியிடம் 31-28 என்று தோற்றுத் திரும்பினார்கள்.

அதாவது ஒப்பந்தம் இருந்ததால் குறைந்தபட்சம் ஓர் இடமாவது இருந்தது. ஒரே ஒரு ஒப்பந்தத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2020ஐப் பார்க்க வேண்டும். கோவிட் வருஷம், குறைந்தபட்ச வெற்றி என்ற விதியையே என்சிஏஏ தள்ளி வைத்திருந்தது. ஆர்மி 9-2. நேவியை 15-0 என்றும், ஏர் ஃபோர்ஸை 10-7 என்றும் வென்றிருந்தது. அவர்களுக்கு இண்டிபெண்டன்ஸ் பவுல் ஒதுக்கியிருந்தது. எதிரே வர வேண்டிய பேக்-12 அணி கிடைக்காமல் போக, பவுலே ரத்தாகிவிட்டது. ஒன்பது வெற்றி பெற்ற அணி நடுத்தெருவில் நின்றது. அதே நாளில் 2-8 என்றிருந்த சவுத் கரோலினாவுக்கு கேஸ்பரில்லா பவுலில் இடம் கிடைத்தது. 3-7 என்றிருந்த மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு எந்த பவுல் தெரியுமா? ஆர்ம்டு ஃபோர்சஸ் பவுல். ராணுவத்தின் பெயரில் நடக்கும் பவுலுக்கு ராணுவ அகாடமிக்கு அழைப்பில்லை. எஸ்இசியுடன் ஒப்பந்தம் என்றால் அவ்வளவு வலு.

அப்புறம் டென்னசி அணியில் கோவிட் பரவி அவர்கள் விலகியதால் லிபர்ட்டி பவுலில் ஓர் இடம் காலியானது. ஆர்மி ஓடிப்போய் வெஸ்ட் வர்ஜீனியாவோடு ஆடி 24-21 என்று தோற்றது. நல்ல ஆட்டம்தான். ஆனால் அந்த இடம் கிடைத்தது வேறொருவருக்கு நோய் வந்ததால்.

எனவே உங்கள் அணி தனி அணி என்றால், சீசன் தொடங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி "இந்த வருஷம் நமக்கு எந்த பவுலோடு ஒப்பந்தம், அது நடக்காவிட்டால் அடுத்தது எது" என்பதுதான். அதற்கடுத்து ஊரைப் பாருங்கள். பவுல் நடத்துபவர்களுக்கு டிக்கெட் விற்க வேண்டும், டிவியில் ஆள் பார்க்க வேண்டும். யூகான் 2024இல் 8-4 என்று முடித்தபோது பாஸ்டனின் ஃபென்வே பவுலுக்குப் போனது. கனெக்டிகட்டிலிருந்து ரசிகர்கள் காரிலேயே வந்துவிடலாம். அங்கே நார்த் கரோலினாவை 27-14 என்று வென்றார்கள். இதே 8-4 தூரத்து மாநிலத்து பவுல் ஒன்றுக்கு இவ்வளவு இனிப்பாக இருந்திருக்காது.

நோட்டர் டேமை எல்லாத் தனி அணிக்கும் அளவுகோலாக வைப்பது

தனி அணி என்றதும் நோட்டர் டேம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் பவுல் விஷயத்தில் அது பாதிதான் தனி அணி. மற்ற விளையாட்டுகளில் பெரும்பாலும் ஏசிசி என்ற கான்ஃபரன்ஸின் உறுப்பினராக இருப்பதால், 2014 முதல் ஆண்டுக்குச் சுமார் ஐந்து ஏசிசி அணிகளோடு ஃபுட்பால் ஆட ஒப்புக்கொண்டு, அதற்குப் பதிலாக ஏசிசியின் பவுல் வரிசையில் நுழையும் உரிமையைப் பெற்றது. 2019இல் கேம்பிங் வேர்ல்ட் பவுல், 2022இல் கேட்டர் பவுல், 2023இல் சன் பவுல் எல்லாம் அந்த வழியாக வந்தவைதான். யூகானுக்கு அந்த வாசல் கிடையாது.

அந்த வாசலுக்கும் எல்லை உண்டு. 2019இல் நோட்டர் டேம் 10-2. ஆரஞ்சு பவுலுக்குப் போனது ஏசிசி இறுதி ஆட்டத்தில் தோற்றுவந்த வர்ஜீனியா, 9-4. ஏசிசிக்கென்று ஒதுக்கிய இடம் ஏசிசி அணிக்கே போகும்.

பிளேஆஃபில் தரவரிசையும் இடமும் ஒன்றென்று நினைப்பது

12 அணி பிளேஆஃப் 2024இல் வந்தது. 2024, 2025 இரண்டு வருஷமும் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களில் தரவரிசையில் முன்னே இருந்த ஐவருக்கு இடம் உறுதி, மீதி ஏழு பொது இடம். சாம்பியன் பட்டமே இல்லாத தனி அணி அந்த ஏழில்தான் நுழைய முடிந்தது. முதல் வருஷம், முதல் சுற்றில் ஓய்வு தரும் முதல் நான்கு வரிசை எண்களும் (பிளேஆஃப் அட்டவணையில் அணி நிற்கும் இடம்) சாம்பியன்களுக்கு மட்டுமே. அதனால் ஐந்தாம் தரத்தில் இருந்த நோட்டர் டேம் ஏழாவது வரிசைக்குப் போய், முதல் சுற்றிலிருந்தே ஆடியது. 12ஆம் தரத்தில் இருந்த அரிசோனா ஸ்டேட்டுக்கோ முதல் சுற்றில் ஓய்வு. அப்படியும் நோட்டர் டேம் இறுதிவரை போய் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 34-23 என்று தோற்றது. 2025இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். தரவரிசைப்படியே வரிசை எண்.

ஆனால் 2025 வேறொரு பாடம் வைத்திருந்தது. நோட்டர் டேம் முதல் இரண்டு ஆட்டங்களில் மயாமியிடம் 27-24 என்றும், டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் 41-40 என்றும் தோற்று, பிறகு பத்தையும் வென்றது. கடைசி வாரத்துக்கு முன் தரவரிசையில் பத்தாம் இடம். பிரிகாம் யங் பதினொன்று, மயாமி பன்னிரண்டு. கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டங்கள் நடந்த வார இறுதியில் நோட்டர் டேமும் ஆடவில்லை, மயாமியும் ஆடவில்லை. பிரிகாம் யங் டெக்சஸ் டெக்கிடம் 34-7 என்று அடிவாங்கிக் கீழே இறங்கியது. நடுவில் இருந்த அணி போனதும் மயாமியும் நோட்டர் டேமும் பக்கத்துப் பக்கத்தில் வந்தார்கள். அப்போது அவர்கள் நேருக்கு நேர் ஆடிய ஆட்டத்தை, தரவரிசை போடும் தேர்வுக் குழு கையில் எடுத்தது. மயாமி பத்து, நோட்டர் டேம் பதினொன்று. டுலேன், ஜேம்ஸ் மேடிசன் இரண்டும் சாம்பியன்கள் என்ற கணக்கில் தரவரிசையின் கீழிருந்து உள்ளே வந்ததால், பதினொன்றாம் இடம் வெளியே நின்றது.

எஸ்இசி இறுதியில் ஜார்ஜியாவிடம் 28-7 என்று தோற்ற அலபாமா ஒன்பதிலேயே இருந்ததைப் பார்த்து நோட்டர் டேம் ரசிகர்கள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆகஸ்ட் கடைசியில் தோற்ற ஆட்டம் பழைய கதை, இனி யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பியது அவர்கள் தவறு. கான்ஃபரன்ஸ் அணிக்கு டிசம்பரில் இன்னொரு ஆட்டம் ஆடிக் கணக்கை மாற்றும் வாய்ப்பாவது உண்டு. தனி அணி நவம்பரோடு கையைக் கட்டிக்கொண்டு டிவி பார்க்க வேண்டியதுதான்.

சின்னச் சின்னவை

அழைப்பு வந்தபோது இழுத்தடிப்பது. 2012இல் லூசியானா டெக் 9-3. அவர்கள் இருந்த டபிள்யூஏசி கான்ஃபரன்ஸ் அப்போதே கலைந்துகொண்டிருந்ததால் கிட்டத்தட்ட தனி அணி நிலைமைதான். இண்டிபெண்டன்ஸ் பவுல் கூப்பிட்டபோது, இதைவிட நல்லது வருமா என்று பார்த்தார்கள். பவுல் ஒஹாயோ பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டது. ஒன்பது வெற்றியோடு வீட்டில் உட்கார்ந்தார்கள்.

5-7 என்றதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது. தகுதி பெற்ற அணிகள் போதாவிட்டால், வீரர்களின் படிப்பு முன்னேற்றத்தைக் காட்டும் ஏபிஆர் மதிப்பெண் வரிசையில் 5-7 அணிகளைக் கூப்பிடுவார்கள். மின்னசோட்டா 2015இலும் 2023இலும் அப்படித்தான் போனது. 2025இல் பிளேஆஃப் கிடைக்காத கோபத்தில் நோட்டர் டேம் எந்த பவுலும் வேண்டாம் என்றுவிட்டது. கேன்சஸ் ஸ்டேட்டும் ஐயோவா ஸ்டேட்டும் மறுத்தன. இடத்தை நிரப்பக் கூப்பிட்ட 5-7 அணிகளில் பலவும் வேண்டாம் என்றன. கான்ஃபரன்ஸ் அணி இப்படி மறுத்தால் தண்டம் உண்டு. கேன்சஸ் ஸ்டேட், ஐயோவா ஸ்டேட் இரண்டுக்கும் பிக் 12 ஆளுக்கு 5 லட்சம் டாலர் போட்டது. நோட்டர் டேமுக்கு அப்படித் தண்டம் போட மேலே ஒரு கான்ஃபரன்ஸ் இல்லை.

புதிதாக எஃப்பிஎஸ்ஸுக்கு ஏறிவரும் அணிகளைத் தகுதிப் பட்டியலில் சேர்த்துவிடுவது இன்னொன்று. மாறும் காலத்தில் ஆள் பற்றாக்குறை வந்தால் மட்டுமே அவர்களுக்கு இடம். 2023இல் 11-1 என்றிருந்த ஜேம்ஸ் மேடிசன்கூட அப்படித்தான் உள்ளே வந்தது. லிபர்ட்டி 2018இல் தனி அணியாக 6-6 முடித்தும் பவுல் கிடைக்கவில்லை.

2026 முதல் பிளேஆஃப் ஒப்பந்தத்தில் நோட்டர் டேமுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது: முதல் 12 தரத்துக்குள் வந்தால் இடம் உறுதி. 2025இல் அது இருந்திருந்தால் பதினொன்றாம் இடமே போதும். யூகானுக்கு அப்படி ஒரு வரி எந்த ஒப்பந்தத்திலும் இல்லை.