பைத்தான் வகுப்பில் காதுக்கு எட்டாத நான்கு இடைவெளிகள்

பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பைத்தான் நிரல்மொழி நடத்தப் புதிதாக வருபவர்கள், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை நிறுவியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். "இங்கே பார்", "அதை கிளிக் பண்ணு" என்று சொல்லக் கூடாது என்பதெல்லாம் ஒரே வாரத்தில் தானாகப் புரிந்துவிடும், அதை விடுவோம். அப்படித் தானாகப் புரியாதவை இவை.

உள்தள்ளலைச் சொல்லாத என்விடிஏ

பைத்தானில் ஒரு வரி சுற்றுக்கு உள்ளேயா வெளியேயா என்பதை வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிதான், அதாவது உள்தள்ளல்தான், சொல்லும். ஐந்து மதிப்பெண்களைக் கூட்டும் நிரல். மொத்தத்தைக் காட்டும் பிரிண்ட் வரி, திரும்பத் திரும்ப ஓடும் ஃபார் சுற்றுக்கு வெளியே இருக்க வேண்டும். மாணவர் என்டர் தட்டியதும் எடிட்டர் தானாகவே நான்கு இடைவெளி விட, வரி உள்ளே மாட்டிக்கொள்கிறது. பைத்தான் பிழை எதுவும் காட்டாது. விடை ஐந்து முறை வரும். ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, "லாஜிக்கே புரியலையா?" என்கிறார். லாஜிக் புரிந்துதான் இருக்கிறது. அந்த இடைவெளிதான் மாணவரின் காதில் விழவில்லை. என்விடிஏவை நிறுவும்போது உள்தள்ளல் அறிவிப்பு அணைந்தே இருக்கும், அதை யாரும் தொடவில்லை. இப்படியே ஒரு பருவம் ஓடி, "இவருக்கு புரோகிராமிங் வராது" என்ற முத்திரையும் விழுந்துவிடும். சில நிமிட வேலையைச் செய்யாததற்கு இவ்வளவு பெரிய தண்டனை, அதுவும் மாணவருக்கு.

எடிட்டரைத் திறந்துவைத்து, என்விடிஏ விசையோடு (பொதுவாக இன்சர்ட்) கண்ட்ரோல், பி அழுத்தி, அந்தச் செயலிக்கு மட்டுமான அமைப்புத் தொகுப்பு, அதாவது புரொஃபைல் ஒன்றை உருவாக்குங்கள். எடிட்டருக்குள் இருந்தபடியே என்விடிஏ, கண்ட்ரோல், டி அழுத்தினால் ஆவண வடிவமைப்பு அமைப்புகள் திறக்கும். சாளரத் தலைப்பில் புரொஃபைலின் பெயர் ஒலிக்கிறதா என்று கவனித்துவிட்டு, வரி உள்தள்ளலுக்குப் பேச்சு, தொனி இரண்டையும் தேர்ந்தெடுங்கள். உள்தள்ளல் மாறும் வரிகளில் "4 ஸ்பேஸ்" என்று சொல்லும். ஆழம் கூடக் கூடத் தொனி ஏறும். காது பழகியபின் தொனி மட்டுமே போதும். புரொஃபைல் இல்லாமல் பொதுவாகப் போட்டுவைத்தால் மற்றச் செயலிகளிலும் பீப் அடிக்கும், மாணவரே எரிச்சலில் அணைத்துவிடுவார்.

நிறுத்தற்குறி

என்விடிஏ, பி. இயல்பு நிலையில் கோலன், கமா, அடைப்புக்குறி எதுவும் ஒலிக்காது. "அனைத்தும்" என்று வரும்வரை அழுத்துங்கள்.

ஐடில்

பைத்தானோடு சேர்ந்தே வரும் எடிட்டர், டிகின்டர் என்ற சாளரக் கருவித் தொகுப்பில் கட்டியது. பள்ளி ஆய்வகங்களில் இருக்கும் பதிப்புகளில், எழுதிய வரியையே என்விடிஏவால் படிக்க முடியாது. அதற்குப் பதில் விஎஸ் கோடு அல்லது நோட்பேட் பிளஸ் பிளஸ் எடிட்டர்.

பாமினியில் தட்டிய குறிப்புகள்

பாமினி பழைய தமிழ் எழுத்துரு. கண்ணுக்குத்தான் தமிழ், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். "தமிழ்" என்ற சொல்லே "ஜே கே பி ஓ" ஆகிவிடும். யூனிகோடில் மட்டும் கொடுங்கள்.

நட்சத்திர முக்கோணம்

நட்சத்திரக் குறிகளை முக்கோணமாக அச்சிடும் பயிற்சி வேண்டாம், அது கண்ணுக்கானது. சுற்றுக்குள் சுற்று கற்பிக்க வாய்ப்பாடு போதும்.