காரை இறக்குவது எப்படி: எத்தனை மில்லிமீட்டர், எந்த ஸ்பிரிங், மாட்டிய பிறகு என்ன வேலை

காரை இறக்க, அதாவது அதன் உயரத்தைக் குறைக்க, நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை. பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: சஸ்பென்ஷன் அமுங்க இன்னும் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது, லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கமாகப் பாடியோடு இணைக்கும் கை) எந்தச் சாய்வில் நிற்கிறது. 25 முதல் 30 மி.மீ. வரை இறக்கினால் பெரும்பாலான கார்களில் இரண்டும் கட்டுக்குள் இருக்கும். 50 மி.மீ. தாண்டிவிட்டால், மற்ற பாகங்களையும் சேர்த்து மாற்றாதவரை, ஒரிஜினல் உயரத்தில் ஓடியதைவிட மோசமாக ஓடவே வாய்ப்பு அதிகம்.

வளைவில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகும் எடை, காரின் ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மையம் 550 மி.மீ. உயரத்தில் உள்ள காரை 30 மி.மீ. இறக்கினால் இந்த எடை மாற்றம் சுமார் 5 சதவீதம் குறையும். அவ்வளவுதான். இறக்கிய கார் சாயாமல் திரும்புவதாகத் தெரிவதற்குப் பெரும் காரணம் கூடவே வரும் கடினமான ஸ்பிரிங்.

அதிகம் இறக்கும்போது ஏன் எதிர்விளைவு வருகிறது? மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்தது) உள்ள முன்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாடி கீழே வரும்போது லோயர் ஆர்மின் உள்முனையும் கீழே வருகிறது. பால் ஜாயின்ட் உள்ள வெளிமுனை சக்கரத்தோடு இருந்த இடத்திலேயே நிற்கிறது. ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால், ரோல் சென்டர் (வளைவில் பாடி சாயும்போது சுழலும் கற்பனைப் புள்ளி) ஈர்ப்பு மையத்தைவிட வேகமாக இறங்கிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் பாடியைச் சாய்க்கும் நெம்புகோல். அது நீண்டால், கடின ஸ்பிரிங் கொடுத்த பலனில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் சாய்வும் ஆர்மின் சாய்வோடு பொருந்தாமல் போவதால், பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஸ்டீயரிங்கைத் தொடாமலே சக்கரம் திரும்பும். இதுதான் பம்ப் ஸ்டீர். நீளமான பால் ஜாயின்ட்டும் அதற்கு இணையான டை ராட் எண்டும் போட்டால் இரண்டும் சரியாகும். ஒன்றை மட்டும் மாற்றினால் பம்ப் ஸ்டீர் இன்னும் கூடலாம்.

ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். ஒரு சுற்றை வெட்டினால் மிச்சமுள்ள சுற்றுகள் குறைந்து ஸ்பிரிங் கடினமாகும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு கடினமாக வேண்டும் என்பது உங்கள் கையில் இல்லை. வெட்டிய முனை கீழ்த்தட்டில் சரியாக உட்காராது. கேஸ் டார்ச்சால் சூடாக்கித் தாழ்த்துவது அதைவிட ஆபத்து: எஃகின் பதம் போய்விடும், நாளாக நாளாக ஸ்பிரிங் தொய்ந்துகொண்டே போகும், ஒருநாள் உடையவும் செய்யும்.

உங்கள் மாடலுக்கென்றே செய்த லோயரிங் ஸ்பிரிங்தான் எளிய வழி. ஷாக் அப்சார்பரையும் யோசியுங்கள். ஸ்பிரிங் 30 சதவீதம் கடினமானால், பழைய அளவுக்கு அடங்க ஷாக் சுமார் 14 சதவீதம் கூடுதலாகப் பிடிக்க வேண்டும். புதிய ஷாக் இதைத் தாங்கிக்கொள்ளலாம். நிறைய ஓடித் தேய்ந்தது தாங்காது. ஒரு மேட்டைத் தாண்டியதும் கார் ஒரே ஆட்டத்தில் அடங்காமல் இரண்டு மூன்று முறை ஆடினால் காரணம் இதுதான். பழைய ஷாக் மேல் புது ஸ்பிரிங் போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அந்த வேலையையே மறுபடி கழற்றிச் செய்ய வேண்டி வரும்.

காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய, ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த அமைப்பு) வாங்குவதானால் உயரத்தை எங்கே மாற்றுகிறது என்று பாருங்கள். ஸ்பிரிங் தட்டை மட்டும் இறக்கும் வகையில், காரை இறக்க இறக்க அமுங்குவதற்கான இடம் குறைந்துகொண்டே வரும். கீழ் பிராக்கெட்டையே மேலும் கீழும் திருகும் வகையில் ஷாக்கின் ஸ்ட்ரோக் (அமுங்கி நீளும் தூரம்) முழுதாகவே இருக்கும். ஆனால் முழுதாக அமுங்கும்போது டயர் மட்கார்டின் உள்பக்கத்தில் இடிக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

மாட்டும் வேலை

சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிசெய்து, நான்கு சக்கரத்திலும் ஹப் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் சேர்ந்து கணக்கு தப்பும்.

ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்டு வைக்காமல் கீழே கை விடக் கூடாது. ஸ்ட்ரட்டில் மாட்டியுள்ள பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் முதலில் விடுவியுங்கள். ஸ்டெபிலைசர் லிங்கைக் (பாடி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு) கழற்றும்போது, அதன் நடுவில் ஆலன் கீ போட்டுப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருகுங்கள். இல்லாவிட்டால் நட்டோடு சேர்ந்து சுற்றும். ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கர ஹப்பைத் தாங்கும் பாகம்) சேரும் இடத்தில் போல்ட்டின் நிலையைக் கோடு போட்டு வையுங்கள். ஸ்ட்ரட் வெளியே வந்ததும் நக்கிளைக் கம்பியால் கட்டி நிறுத்துங்கள். அது வெளியே சாய்ந்தால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் கழன்றுவிடும்.

இந்த வேலையில் உயிருக்கே ஆபத்தான கட்டம் ஸ்பிரிங்கை அமுக்குவது. கம்ப்ரஸரின் இரண்டு கொக்கிகளும் நேர் எதிரெதிரே இருக்க வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிச் சில சுற்றுகளாகக் கையால் திருகுங்கள். இம்பாக்ட் கன் வேண்டாம். ஸ்பிரிங் தட்டுக்குள் தளர்ந்து, கையால் அசைக்க முடியும்வரை மேல் நட்டில் ஸ்பேனர் வைக்காதீர்கள். அந்த நேரத்தில் முகமோ கையோ ஸ்ட்ரட்டின் முனைக்கு நேராக இருக்கவே கூடாது.

புது ஸ்பிரிங்கின் முனை கீழ்த்தட்டில் உள்ள படியில் முட்டி நிற்க வேண்டும். ஒரு விரல் அளவு விலகியிருந்தாலும், முதல் திருப்பத்தில் "டங்" என்று ஒரு சத்தத்தோடு தானே நகர்ந்து உட்காரும், நட்டும் தளரும். மேல் பேரிங் கையால் சுற்றும்போது கரகரத்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். பம்ப் ஸ்டாப்பை (முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர்) கிட்டுடன் வந்த குறிப்பு சொன்னால் மட்டும், சொன்ன நீளத்துக்கு வெட்டுங்கள். முழுதாக எடுத்துவிட்டால் ஷாக்கின் உள்ளே உலோகத்தோடு உலோகம் இடிக்கும்.

டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) உள்ள பின்பக்கம் எளிது. ஷாக்கின் கீழ் போல்ட்டுகளைக் கழற்றி, பீமை ஜாக்கியில் மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்பதில் மட்டும் ஒரு கண் இருக்கட்டும்.

மாட்டியதும் சக்கரத்தைத் தொங்கவிட்டு ஸ்பிரிங்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் நகர்ந்தால் ஷாக் நீளம் அதிகம் என்று அர்த்தம். பெரிய பள்ளத்தில் ஸ்பிரிங் இடம்விட்டு விலகும். குட்டையான ஷாக் தேவை.

ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைத் தொங்கும் நிலையில் இறுக்காதீர்கள். புஷ்ஷின் ரப்பர் உள்குழாயோடு ஒட்டியிருப்பது. தொங்கும்போது இறுக்கினால் கார் தரையில் நிற்கும் நேரம் முழுதும் முறுகியே இருந்து, சீக்கிரம் கிழிந்துவிடும். காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு, கார் மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்குங்கள். கோணக் கணக்கில் இறுக்கும் போல்ட்டுகளை மேனுவல் மாற்றச் சொன்னால் புதிதாகவே போடுங்கள்.

மாட்டிய பிறகு

அலைன்மென்ட் கட்டாயம். உயரம் மாறினால் டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மாறும். டயரின் உள்விளிம்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்தால் பலரும் கேம்பரை (முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி டோதான். சாலைக் காருக்குக் கேம்பர் மைனஸ் 1 முதல் 1.5 டிகிரி வரை இருந்தால் பயமில்லை. மாட்டிய உடனே டோவைச் சரிசெய்துவிட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் அமர்ந்ததும் உயரத்தை அளந்து இன்னொருமுறை பாருங்கள். ஹெட்லைட்டின் குறியையும் திருத்துங்கள். முன்கண்ணாடியில் ஓட்டுநர் உதவிக் கேமரா இருந்தால் அதற்கும் கேலிபரேஷன் தேவைப்படலாம்.

பலரும் மறப்பது ஒன்று. சில பழைய கார்களிலும் வேன்களிலும் பின் ஆக்ஸிலோடு இணைத்த ஒரு வால்வு, சுமைக்கு ஏற்ப பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டும். காரை இறக்கினால், சுமை ஏறியிருப்பதாக அந்த வால்வு எடுத்துக்கொள்ளும். காலியான வண்டியில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் வீசும். அதன் லிங்கைப் புது உயரத்துக்குத் திருத்தாமல் ஓட்டக் கூடாது. சாலை விதியும் காப்பீடும் இந்த மாற்றத்தை அனுமதிக்கின்றனவா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எவ்வளவு இடம் மிச்சம் என்று தெரிந்துகொள்ள, ஷாக் கம்பி வெளியே தெரிந்தால் அதில் ஒரு சிறிய ஜிப் டை கட்டி, கீழே தள்ளிவிட்டு வழக்கமான சாலையில் ஓட்டுங்கள். அமுங்கிய தூரம்வரை டை மேலே தள்ளப்பட்டு நிற்கும். ஒவ்வொரு சிறிய மேட்டிலும் அது பம்ப் ஸ்டாப்பைத் தொட்டுவிட்டால், உங்கள் காரில் வேலை செய்வது ஸ்பிரிங் அல்ல, அந்த ரப்பர்தான். காயில்ஓவர் என்றால் 10 மி.மீ. ஏற்றி மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஸ்பிரிங் கிட் என்றால் குறைவாக இறக்கும் ஒன்றுக்கு மாறுங்கள்.