கதையில் வரும் விண்கப்பலுக்கு எஞ்சின் எழுதுவது எப்படி

முதலில் எஞ்சினால் எது முடியாது என்று முடிவு பண்ணுங்கள், கதை அங்கேதான் பிறக்கும். பழவேற்காட்டிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவைப் பார்க்கும் நமக்குத் தெரியும், ராத்திரியில் 320 டன் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பினால் முதலில் ஏரித் தண்ணீர் மஞ்சளாகும், உறுமல் அப்புறம்தான் வந்து சேரும். அந்த எடையில் பெரும்பகுதி எரிபொருள்தான்.

விண்வெளியில் உறுமலே கிடையாது.

மின்னூட்டம் பெற்ற அணுக்களைப் பின்னால் வீசித் தள்ளும் அயனி எஞ்சின் தரும் விசை ஓரிரு காகிதத் தாள்களின் எடை அளவுதான், ஆனால் மாதக்கணக்கில் ஓயாமல் தள்ளும், அதனால் துரத்தல் காட்சிக்கு வைக்காதீர்கள், நெடும்பயணத்துக்கு வையுங்கள். பாதி வழியில் கப்பலைத் திருப்பி அதே எஞ்சினால்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும், தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்கும் அணுக்கரு இணைவு எஞ்சினா? சரி, வெப்பத்தை வெளியேற்றப் பெரிய தகடுகளை வரையுங்கள். வில்லன் அவற்றை உடைத்தால் போதும், நாயகி எஞ்சினை அணைத்தே ஆக வேண்டும்.