குரக்கனும் சிவப்பரிசியும் சீனி வியாதிக்காரர் தட்டில்: எவ்வளவு, எப்படி

கிளினிக்கில் சீனி வியாதி என்று சொன்னதும் தோட்டத்து வீடுகளில் கோதுமை மாவுக்குப் பதிலாகக் குரக்கன் (கேழ்வரகு) மா வந்துவிடும். ஆனால் மூன்று ரொட்டி மூன்றாகவே இருக்கும். பிழை அங்கேதான். 100 கிராம் வெள்ளைக் கோதுமை மாவில் ஏறத்தாழ 75 கிராம் மாச்சத்து. குரக்கன் மாவிலும் 70 கிராம் அளவில் இருக்கிறது. குரக்கனில் நார் கூட, அதனால் பசி தாங்கும், சீனி ஏறும் வேகமும் தணியும். அதற்காக அளவில்லாமல் சாப்பிட முடியாது. முழுத்தானியத்தைப் பழைய சாப்பாட்டோடு சேர்க்காமல், மாச்சத்துப் பங்குக்குள்ளேயே மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் பங்கைப் பிரியுங்கள். நாளுக்கு 120 கிராம் மாச்சத்து என்றால் காலை 30, மதியம் 45, இரவு 30, இடையில் 15. இதில் சாயத்தண்ணிச் சீனியும் அடங்கும். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் நாலு தரம் குடித்தால் 32 கிராம், ஒரு வேளைப் பங்கே போய்விடும். முதலில் வெட்ட வேண்டியது அதைத்தான்.

காலை ரொட்டிக்கு, நாலு ரொட்டி அளவு: குரக்கன் மா 100 கிராம், ஆட்டா மா 60 கிராம், துருவிய தேங்காய் 40 கிராம், அரைத் தேக்கரண்டி உப்பு. குரக்கனில் பசைத்தன்மை இல்லை. பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் ரொட்டி விளிம்பில் வெடித்து, கல்லில் உடைந்துவிடும். நன்கு கொதித்த தண்ணீர் 120 மில்லிலீற்றரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அகப்பையால் கிளறி, மூடிப் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, நாலாகப் பிரித்து, மெல்லியதாகத் தட்டி, நடுத்தரச் சூட்டில் இருபுறமும் சுடுங்கள். ஒன்றில் மாச்சத்து ஏறத்தாழ 30 கிராம். காலைக்கு அந்த ஒன்றுதான். வயிறு நிறைய ஒரு அவித்த முட்டையும் வல்லாரைச் சம்பலும் சேருங்கள். கிழங்குக் கறி வேண்டாம், உருளைக்கிழங்கும் மாச்சத்துதான். குரக்கன் கஞ்சியை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. மா நன்றாக வெந்து கரைந்திருப்பதால் சீக்கிரம் செரித்துச் சீனியை ஏற்றிவிடும். சீனி போடாத கஞ்சிக்கும் இது பொருந்தும்.

மதியத்துக்கு 60 கிராம் சிவப்பரிசி. வாங்கும்போது ஒரு பிடி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மணி முழுக்கச் சிவப்பாக இருந்தால் தவிடு இருக்கிறது. வெள்ளை மணியில் சிவப்புக் கோடு மட்டும் ஓடினால் தீட்டிய அரிசி, பெயரில்தான் சிவப்பு. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் தவிட்டரிசி திறந்த பானையில் வேக நெடுநேரமாகும். அரைவேக்காடாகத் தின்றால் வயிறு ஊதும். இரவே ஊறவைத்து பிரஷர் குக்கரில் வேகவையுங்கள். வெந்த சோற்றை ஒருமுறை தராசில் நிறுத்து, உங்கள் கோப்பையில் எந்த மட்டம் வருகிறதென்று குறித்துக்கொண்டால் தினமும் நிறுக்க வேண்டியதில்லை. மீதித் தட்டில் பாதிக்கு மேல் போஞ்சி, கோவா, லீக்ஸ், கீரை. கூடவே மீன் அல்லது கருவாடு. பருப்பிலும் மாச்சத்து உண்டு, ஒரு சிறு அகப்பை போதும்.

பழுப்பு நிறப் பாணை நிறத்தை நம்பி வாங்காதீர்கள். உறையில் முதல் பொருளாக முழுக்கோதுமை மா இருக்கிறதா என்று பாருங்கள். உறையில்லாமல் விற்பதை வெள்ளைப் பாணாகவே கணக்கிடுங்கள்.

நார் ஒரேயடியாகக் கூடினால் வாய்வும் மலச்சிக்கலும் வரும். முதல் வாரம் ஒரு வேளையை மட்டும் மாற்றுங்கள், தண்ணீரும் கூடுதலாகக் குடியுங்கள்.

எந்த உணவு ஒத்துவருகிறது என்பதை, விரல் நுனி இரத்தத்தில் சீனி பார்க்கும் குளுக்கோமீற்றர் சொல்லும். சாப்பிடுமுன் ஒருமுறை, முதல் வாய் வைத்து இரண்டு மணித்தியாலத்தில் மறுமுறை பாருங்கள். இரண்டாவது அளவு 180ஐ (mg/dL) தாண்டினால் பங்கைக் கால்வாசி குறைத்து, அதே ரொட்டியை இன்னொரு நாள் சோதியுங்கள்.

இன்சுலினோ கிளிக்கிளசைடு போன்ற சீனி இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் மாச்சத்தைக் குறைக்கவே கூடாது. காலையில் மாத்திரை போட்டு, குறைவாகச் சாப்பிட்டு, மலை ஏறிக் கொழுந்து பறிக்கும்போது சீனி 70க்குக் கீழே இறங்கலாம். நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் வந்தால் உடனே உட்கார்ந்து, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். கொழுந்துக் கூடையோடு ஒரு சீனிப் பொட்டலமும் போகட்டும்.