சீஷரை உருவாக்க 3 பேரும் 16 வாரமும்

சீஷர் என்றால் இயேசுவைப் பின்பற்றி நடப்பவர். அவர்களை உருவாக்கச் சொன்ன இயேசு, தாம் கட்டளையிட்ட யாவையும் "கைக்கொள்ளும்படி" உபதேசிக்கச் சொன்னார் (மத்தேயு 28:20). சபைகளில் உபதேசத்துக்குக் குறைவில்லை. கைக்கொண்டாயா என்று கேட்கத்தான் ஆள் இல்லை. பிரசங்க மேடையிலிருந்து அதைக் கேட்க முடியாது. சின்னக் குழு வேண்டும்.

நடத்துபவரோடு 3 அல்லது 4 பேர் போதும். அதற்கு மேல் போனால் ஒருவராவது வாய் திறக்காமலே தப்பித்துக்கொள்வார். ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாகக் கூடுங்கள். போதகரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பாட்டும் பேச்சும் கைவந்தவர்களையே தேடாதீர்கள். பவுல் கேட்டது "உண்மையுள்ள மனுஷரை" (2 தீமோத்தேயு 2:2). சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, ஏற்ற சிறு வேலையை முடிக்கிறாரா என்று ஒரு மாதம் கவனியுங்கள்.

மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம், வாரத்துக்கு ஒன்று. கூடுகை 90 நிமிடம். முதல் 30 நிமிடம், வாசித்ததைக் கைக்கொள்ள ஒவ்வொருவரும் போன வாரம் எடுத்த தீர்மானம் என்ன ஆனது என்று கேட்க, அடுத்த 40 வேதப்பகுதிக்கு, மீதி 20 புதிய தீர்மானத்துக்கும் ஜெபத்துக்கும். நேரம் போதாவிட்டால் எல்லோரும் வெட்டுவது அந்த முதல் பகுதியைத்தான். அதை வெட்டினால் மிஞ்சுவது இன்னொரு வேதபாட வகுப்பு.

தீர்மானத்தை எழுத வையுங்கள். இயேசு அதிகாலையில் தனித்துப்போய் ஜெபித்ததை (மாற்கு 1:35) வாசித்துவிட்டு, "இனி நன்றாக ஜெபிப்பேன்" என்பார் ஒருவர். அதை அடுத்த வாரம் எப்படி விசாரிப்பது? "நாளை முதல் காலை 5.30க்கு, போனைத் தொடுமுன் 15 நிமிடம்" என்று எழுதட்டும். ஏழு நாளில் இரண்டு நாள்தான் செய்தார் என்றால் கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்தால் அடுத்த முறை பொய் வரும், அல்லது ஆளே வரமாட்டார். எது தடுத்தது என்று கேட்டு, 10 நிமிடமாகக் குறையுங்கள். நடத்துபவர் தன் தோல்வியை முதலில் சொன்னால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள்.

அங்கே பேசியது ஜெபக்குறிப்பாகக்கூட வெளியே போகக்கூடாது. யாருடைய உயிருக்கோ, ஒரு குழந்தைக்கோ ஆபத்து என்றால் மட்டும் மறைக்கவே கூடாது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

8ஆம் வாரம் முதல் அவர்களே முறைவைத்து நடத்தட்டும். தடுமாறினாலும் குறுக்கிடாதீர்கள், தவறை முடிந்தபின் தனியாகச் சொல்லுங்கள். பவுலின் அதே வசனம் (2 தீமோத்தேயு 2:2) "மற்றவர்களுக்குப் போதிக்கத்தக்க" என்றும் சொல்கிறது. 12ஆம் வாரத்துக்குள் ஒவ்வொருவரும் தான் அடுத்து நடத்தப்போகும் இரண்டு பேரை எழுதி, அவர்களுக்காக ஜெபிக்கத் தொடங்கட்டும். 16ஆம் வாரத்தோடு குழுவைக் கலைத்துவிடுங்கள். பாசத்தால் நீட்டிக்கிற குழுவில் நடத்துபவரை விட்டு யாரும் நகரமாட்டார்கள். புதிய குழுக்களில் நீங்கள் உட்கார வேண்டாம். மாதம் ஒருமுறை அவர்களைச் சந்தித்து விசாரித்தால் போதும்.