பொந்துச் சிலந்தியைப் பார்க்கும் முறை

மட்டக்களப்பு வளவுகளில் பழைய மரப்பொந்து இருந்தால், அதில் டரன்டுலா என்னும் பெரிய மயிரடர்ந்த சிலந்தி குடியிருக்கக்கூடும். கண்டவுடன் அடித்துவிடாதீர்கள், பிடித்துப் போத்தலில் அடைக்கவும் வேண்டாம். இலங்கையின் மரவாழ் டரன்டுலாக்களின் சர்வதேச வர்த்தகம் 2019 முதல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அது இருக்கும் இடத்திலேயே பார்ப்பதுதான் அழகு.

இருட்டிய பின் போங்கள். டோர்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். வெள்ளை ஒளி பட்டால் சட்டென்று உள்ளே போய்விடும். சிவப்பொளியை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. மரத்தில் சாயாதீர்கள், பொந்தில் ஊதாதீர்கள். சிறு அதிர்வும் அதன் கால்மயிர்களுக்கு எட்டிவிடும். பொறுமையாக நின்றால் முதலில் முன்னங்கால் நுனிகள் மட்டும் பொந்துவாயில் தெரியும். அந்தக் காட்சிக்காக எவ்வளவு நேரமும் நிற்கலாம்!

பொந்தடியில் காய்ந்த சிலந்தி கிடந்தால் இறந்துவிட்டதென்று கவலைப்பட வேண்டாம். குச்சியால் புரட்டிப் பாருங்கள். முதுகு மூடி திறந்து, உள்ளே வெறுமையாக இருந்தால் அது கழற்றிய சட்டை. அதன்பின் சில நாட்கள் பொந்தை நெருங்காதீர்கள். புதுத்தோல் இறுகும்வரை சிலந்தியின் உடல் மிக மென்மையாக இருக்கும்.

விரலை மட்டும் பொந்துக்குள் விடவே கூடாது. கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரும். உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.